சாவித் துளைக்கு ஒரு பொட்டு

நெல்லித்தோப்பில் நிர்மலாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய சின்ன வெள்ளைக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்தோடு அது தெருவில் திரும்பினாலே டீக்கடைக்காரர் தன் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொள்வார். பெண்களுக்கு மட்டும்தான் நிர்மலா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். ஆண்கள் கேட்டு வந்தால், "உங்களுக்குதான் பொறக்கும்போதே தெரியுமே" என்று அனுப்பிவிடுவாள்.

காரை வாங்கியது என்னவோ அவள் புருஷன் கோபிநாத்தான். முதல் முறை வெளியே எடுத்தபோதே எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாயை இடித்துத் தெருவையே நனைத்தார். அன்றைக்குச் சாவியை மேசைமேல் வைத்தவர் பிறகு தொடவேயில்லை. போட்ட காசு துருப்பிடித்துப் போகிறதே என்ற ஆத்திரத்தில் நிர்மலா கற்றுக்கொண்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தாள். அப்படியே அது தொழிலாகிவிட்டது.

கார் நிற்கும் இடம் முன்பு வாடகைக்கு விட்டிருந்த கடை. தெருப்பக்கம் ஒரு இரும்பு ஷட்டர், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருந்து அதற்குள் போக வழி கிடையாது. காலையும் மாலையும் அந்த ஷட்டரைத் தூக்கித் தூக்கி அவள் வலது தோள் கெட்டது. மருந்து, தைலம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் மோட்டார் வைத்துவிடுவது என்று முடிவெடுத்து ஷஹாபுதீனைக் கூப்பிட்டாள். ஷட்டர் மோட்டார் வேலைக்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"கரண்டு போனா என்னா பாய் பண்றது? இன்வெர்ட்டர்ல குடுத்துடலாமா?"

"உங்க இன்வெர்ட்டர் ரெண்டு ஃபேனுக்கே மூச்சு வாங்குதேக்கா. இத தாங்காது. உள்ளாற ஒரு சங்கிலி வருது, அத இழுத்தா ஷட்டர் ஏறிடும். ஆனா நீங்க உள்ள போவணுமே?"

"ஷட்டர தொறந்தாதான் உள்ள போவ முடியும்."

"அதான் சொல்றேன்" என்று சிரித்தவர், வெளிச் சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைப் பதித்தார். அதில் ஒரு சாவித் துளை. சாவியைப் போட்டுத் திருப்பினால் மோட்டாரின் பிடி விட்டுவிடும், ஷட்டரைக் கையாலேயே தூக்கிவிடலாம். "மாசத்துக்கு ஒரு தரம் திருப்பிப் பாத்துக்குங்க" என்றார். நிர்மலா மும்முரமாகத் தலையாட்டினாள், அதோடு மறந்தும்போனாள்.

ரிமோட்டை அழுத்தினால் ஷட்டர் தானாக ஏறுவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடின. முதல் தடவை கரண்டு போனபோது நிர்மலா கொஞ்சம் அலட்டலாகவே சாவியைத் திருப்பித் திறந்து காட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டிமேல் அவளுக்குத் தனிப் பாசம். அந்தப் பாசம்தான் வம்பானது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்குள் பொட்டு வைக்கும் பொறுப்பு கோபிநாத்துக்கு. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர், வைஃபை பெட்டி என்று ஒன்றையும் விடவில்லை மனுஷன். வெளியே நிர்மலா. ஸ்டியரிங், சக்கரம், ஷட்டர், ரிமோட் எல்லாம் முடிந்து, சுவர்ப் பெட்டிக்கு வந்தாள். ஆபத்துக்கு உதவுகிற ஜீவன் ஆயிற்றே! சந்தனத்தைக் குழைவாக எடுத்து, உதிர்ந்துவிடக் கூடாதென்று கட்டைவிரலால் நடுவில் நன்றாக அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். நடுவில் இருந்தது சாவித் துளை.

விஜயதசமிக்கு மறுநாள் காலை தூறல். சலீமாக்காவுக்கு அன்று டிரைவிங் டெஸ்ட்.

சலீமா ஜாக்கெட்டுகளுக்கு மணி கோத்து ஆரி வேலை செய்கிறவர். கணவர் இறந்த பிறகு அவருடைய கார் பேட்டரி செத்து, உறை போர்த்தியபடி வாசலில் நின்றது. ஃபிரான்ஸில் இருக்கும் மகன் ரிஹான், "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல, ஒரு டிரைவர் வச்சிக்கலாம்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். சலீமா நிர்மலாவைவிட மூத்தவரானாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தெருவில் நன்றாக ஓட்டுவார். ரிவர்ஸ் என்றால் மட்டும் கை நடுங்கும். அதிலேயே இரண்டு முறை தோற்றுவிட்டார். எல்.எல்.ஆரும் அன்றோடு முடிகிறது. "இந்த தடவையும் போச்சுன்னா அவரு கார வித்துடறேன் டீச்சர்" என்று சொல்லியிருந்தார். சும்மா சொல்கிற ஆள் இல்லை.

நிர்மலா ரிமோட்டை அழுத்தினாள். ஷட்டர் அசையவில்லை. தெரு முழுக்கக் கரண்டு இல்லை. அதனால் என்ன என்று சாவியை எடுத்துக்கொண்டு போனாள். சாவி நுழையவில்லை. துளைக்குள் காய்ந்த சந்தனம் கல்லாகக் கெட்டித்துக் கிடந்தது.

"என்னாங்க! யாரு இதுல சந்தனத்த அப்புனது?"

கோபிநாத் பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்தார். "நீதான். ஓட்டைக்கெல்லாம் எதுக்கும்மான்னு நான்கூட கேட்டேனே."

நிர்மலா அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு ஷஹாபுதீனுக்குப் போன் போட்டாள். அவர் நோணாங்குப்பத்தில் ஏதோ ஷட்டர்மேல் ஏறி நின்றார். "வரதுக்கு நேரமாவும்க்கா. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, கரைஞ்சி உள்ள எறங்கிடும். சன்னமா கம்பி எதுனா வச்சி நோண்டி எடுங்க." ஒரு மக் தண்ணீரோடு ஓடி வந்த கோபிநாத் அப்படியே திரும்பிப் போனார். பல்குச்சி உடைந்தது. ஊக்கு தடிமனாக இருந்தது.

அந்த நேரம் ஆட்டோவில் வந்து இறங்கினார் சலீமா. விஷயத்தைக் கேட்டதும், "அல்லாவே வேணான்னு சொல்றான் போல. விடுங்க டீச்சர்" என்றார். முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் நிர்மலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தது இதற்குத்தானா?

"அவன் ஒண்ணும் சொல்லல. சந்தனத்த வச்சது நான். சன்னமா எதுனா இருக்கா உங்ககிட்ட?"

சலீமா முக்காட்டில் குத்தியிருந்த மெல்லிய குண்டூசியை உருவி, துளைமுன் குனிந்தார். ஜாக்கெட்டில் மணி கோக்கும் அதே நிதானம். கொஞ்சம் குத்துவார், ஊதுவார், திரும்பக் குத்துவார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த விரல்களையே நிர்மலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, இந்த கைதான் நடுங்குதுன்னு சொன்னீங்க?"

சலீமா கடைசித் தூளையும் ஊதித் தள்ளினார். சாவி உள்ளே போயிற்று. திருப்பியதும் டக்கென்று பிடி விட்டது. மூன்று பேரும் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள். பாதியில் நிர்மலாவின் தோளில் சுரீர் என்றது, கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. அவளால் இனி திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க முடியாது.

"நீங்களே வெளிய எடுங்கக்கா."

"இந்த சந்துலயா? நானா?"

"நீங்கதான். அவர விட்டா கொழாய ஒடைப்பாரு."

கோபிநாத் மறுக்கவில்லை. எதிர்வீட்டுக் குழாயை மறைத்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். சலீமா பிஸ்மி சொல்லி கியர் போட்டார். கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது, ஷட்டரின் இரண்டு பக்கமும் உரசாமல் வெளியேறி, குழாய்க்கு முன்னால் வளைந்து திரும்பி, தெருவில் நேராக நின்றது. டீக்கடைக்காரர் பெஞ்சை இழுக்கவே மறந்துவிட்டார்.

டெஸ்ட் மைதானத்தில் நட்ட கம்பங்களெல்லாம் அந்தச் சந்துக்கு முன்னால் எம்மாத்திரம்? இன்ஸ்பெக்டர் பாஸ் என்று சொன்னபோது சலீமா அழுதார். கழுத்தைத் திருப்ப முடியாத நிர்மலாவும் நேராகப் பார்த்தபடியே அழுதாள்.

திரும்பும்போதும் சலீமாதான் ஓட்டினார். வழியில் அவர் கைப்பையில் போன் அடித்தது. நிர்மலா எடுத்துப் பார்த்தாள். வீடியோ காலில் ரிஹான்.

"எடுத்து நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார் சலீமா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா வண்டி ஓட்டிட்டு இருக்காங்க, இப்ப பேச முடியாதுன்னு."