முளைக்காத குண்டு மிளகாய்

என் மனைவி மறைந்த மூன்றாம் திங்களில், சமையலறைப் பரணில் ஒரு தகரப் பெட்டியைக் கண்டெடுத்தேன். உள்ளே வெள்ளைத் துணியில் முடிந்து வைத்த குண்டு மிளகாய்கள் ஒரு கையளவு இருந்தன. ஏணிப்படியில் நின்றபடியே அம்முடிச்சை இறுகப் பற்றிக்கொண்டேன். இழந்துவிட்டதாக நான் எண்ணியிருந்த விதை அது.

ஆலங்குடிப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த இனம் அம்மிளகாய். அங்கே அது விளைந்த நிலம் தென்னந்தோப்பாகிவிட்டபின், இலுப்பூரில் எங்கள் வீட்டு வாயிலோரம் மட்டுமே அது வளர்ந்தது. ஆண்டுதோறும் ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விட்டுப் பழுக்கவைத்து விதை எடுப்பாள். இவ்வாண்டு அச்செடி பழுத்து நிற்கையில்தான் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். திரும்ப அவள் உடலே வந்தது. பந்தல் போட வந்தவர் கேட்டார்: "ஐயா, இந்தச் செடி குறுக்க நிக்குது. பிடுங்கிரவா?"

"பிடுங்குங்க" என்றேன்.

பழங்களோடு அது குப்பையில் கிடந்ததைப் பதினாறாம் நாளுக்குப் பின்னரே நினைத்துப் பார்த்தேன். அதற்குள் குப்பையை அள்ளிச் சென்றுவிட்டார்கள். ஆகவேதான் பரணில் கண்ட முடிச்சு எனக்குப் பெரிதாயிற்று. என் பிழையை முன்னுணர்ந்து அவளே எடுத்து வைத்ததுபோல் தோன்றியது.

மிளகாய்கள் வெளிறியிருந்தன, பழையவை போலும் என்று கொண்டேன். ஒவ்வொன்றிலும் சிறு கீறல் இருந்தது; விதை நன்கு காய்வதற்காகக் கீறினாள் என்று நானே உரை எழுதிக்கொண்டேன். மேலே வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. விதைக்குச் சாம்பல் பூசி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்த எனக்கு, பொருள் கொள்வதில் ஐயமே எழவில்லை.

செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் சலித்துக் கலந்தேன். ஆறு தேங்காய் ஓடுகளில் துளையிட்டு நிரப்பி, ஓட்டுக்கு ஐந்து விதை ஊன்றி, ஈரச் சாக்கால் மூடினேன். ஏழெட்டு நாளில் முளைக்கும் என்று அலைபேசிக் காணொலியில் ஒருவர் சொன்னார். எட்டாம் நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அதன்பின் காலையிலும் மாலையிலும் நீர் தெளிக்கும்போது, அருகில் எவரும் இல்லாததால், அவளிடம் பேசவும் தொடங்கினேன். "சற்றுப் பொறு, வந்துவிடும்" என்பேன். பொறுக்க வேண்டியவன் நான்தான்.

பத்தொன்பதாம் நாள் என் மனைவியின் தங்கை ஆலங்குடியிலிருந்து பேருந்து மாறி வந்தாள். வந்ததும் சாக்கைத் தூக்கினாள்.

"என்னத்தான், கொட்டாங்கச்சிக்கெல்லாம் போர்வ போத்தி வச்சிருக்கீங்க? குளிருதாமா?"

உங்கள் வீட்டு மிளகாய் என்று பெருமையோடு சொல்லி, மீந்திருந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அவள் ஒன்றை எடுத்து நுனியைக் கடித்தாள். சிரித்தாள்.

"இது மோர் மொளகாத்தான்! பச்சையில பறிச்சு, கீறி, உப்பு மோர்ல ஊறப்போட்டுக் காய வச்சது. இது எந்தக் காலத்துல மொளைக்கும்? நாப்பது வருசமா தயிர்ச்சோத்துக்குக் கடிச்சுக்கிட்டீங்களே, வறுக்காம ஒரு நாளாச்சும் பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. கறுத்து மொறுமொறுத்துத் தட்டில் வந்ததை மட்டுமே கண்டவன் நான். அதற்கு முன் என் மனைவி எத்தனை பகல் மாடியில் உலர்த்தினாள், எத்தனை முறை மீண்டும் மோரில் இட்டாள் என்பதெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை.

என் முகத்தைக் கண்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி விடுங்க. அக்கா வெதைக்கு விட்ட செடி எங்க? அதுல எடுத்துக்கலாம்."

பந்தற்காரரிடம் நான் சொன்ன ஒற்றைச் சொல்லை அவளிடம் சொன்னேன். அவள் வாயிலோரத்து வெற்று மண்ணை நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க ஆத்தா காலத்து மொளகா" என்றாள். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீந்தவற்றில் நான்கை வறுத்து, தயிர்ச்சோறு பிசைந்து வைத்துவிட்டு, பொழுது சாயும்முன் அவள் பேருந்துக்குப் புறப்பட்டாள். இரண்டை அவளுக்கென மடித்துக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அவள் போனபின் ஓர் ஓட்டைக் கிளறி விதை ஒன்றை எடுத்தேன். முளை விடாமல், உப்பியும் அழுகியும் இருந்தது. அதை நாவில் வைத்துப் பார்த்தேன். மண்சுவை மட்டுமே இருந்தது, உப்புக் கரிக்கவில்லை. என் மனைவி இட்ட உப்பை, பத்தொன்பது நாள் நீர் ஊற்றி, நானே கழுவிவிட்டிருந்தேன்.