ஒழுகாத குழாயில் நாற்பது புதினா

என் மேல்வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்பவர். முப்பது வருடம் ஊரார் வீட்டு அடைப்புகளை எடுத்தவருக்கு, ஐம்பத்தெட்டு வயதில் மண் இல்லாமல் செடி வளர்க்கும் பித்துப் பிடித்தது. பால்கனி நிறைய வெள்ளைக் குழாய்கள், அவற்றில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கொன்றாக நாற்பது புதினா. உரம் கரைத்த தண்ணீரை மோட்டார் சுற்றி விடும், வேர் குடித்துக்கொள்ளும்.

துணி காயப்போட இடமில்லாமல் போன அவர் மனைவி கெடு வைத்தாள். “சனிக்கிழமைக்குள்ள வித்துக் காட்டுங்க. இல்லன்னா எல்லாத்தையும் பேத்துட்டுக் கொடி கட்டிடுவேன்.”

முதியோர் இல்லத்துச் சமையல்காரம்மா சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று எட்டரைக்கு, கீழே நான் உலர்த்திய போர்வைமேல் உரத்தண்ணீர் கொட்டியது.

மேலே ஓடி முதலில் மோட்டாரை நிறுத்தினேன். மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இறங்கும் சின்னக் குழாயை வேர் அடைத்துவிட்டது. கழற்றவும் வழியில்லை. ஒரு சொட்டு ஒழுகினாலும் தொழிலுக்கு இழுக்கு என்று மூட்டுக்கு மூட்டு பசை போட்டு ஒட்டியிருந்தார்.

“ஊர் அடைப்பெல்லாம் எடுத்த மகராசா, சொந்த அடைப்பு எடுக்கத் தெரியலையே!” மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சிரிக்காதடி. ரம்பத்தை எடு, அறுத்துடறேன்.”

“அறுத்து ஒட்டறதுக்குள்ள பத்து மணி ஆயிடும், செடியும் வாடிடும். தள்ளுங்க தம்பி,” என்றேன்.

அவருக்கு மூத்தவள் நான்; படுத்த படுக்கையானவர்களைக் கவனித்து, மூக்கில் விட்ட குழாய் வழியே கஞ்சி செலுத்தும் வேலையில் பிழைத்தவள். அடைத்தால் முட்டித் தள்ளக் கூடாது. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுக்க வேண்டும். கஞ்சி செலுத்தும் என் பெரிய ஊசிக்குழலை வீட்டிலிருந்து எடுத்துவந்து, அடைத்த குழாயின் கீழ்முனையில் பொருத்தினேன். தள்ளு, இழு, தள்ளு, இழு. பதினைந்தாம் தடவை படக்கென்று ஒரு சாண் வேர்க்கொத்து பிய்த்துக்கொண்டு வந்து, மேல்முனையில் குனிந்து பார்த்தவர் முகவாயில் ஒட்டியது.

“அக்கா, உங்க தம்பிக்கு நரைச்ச தாடி!” என்று மனைவி தரையில் உட்கார்ந்தே விட்டாள். எனக்கும் சிரித்துச் சிரித்து விலா நோவெடுத்தது.

மூவரும் நனைந்த கோழிகளாக நிற்கையில் சமையல்காரம்மா வந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்து, ஒரு இலையைக் கிள்ளி மென்றார்.

“மண்ணு அலசற வேலையே இல்லையா?”

“மண்ணு இருந்தாத்தானேம்மா அலச!” என்றார் மேல்வீட்டுக்காரர்.

“நாற்பதும் கட்டுங்க. அடுத்த தடவை அறுபது வேணும்.”

“அறுபதுக்கு இடமில்லையேம்மா,” என்று இழுத்தார் அவர்.

மனைவி முந்தானையைப் பிழிந்தாள். “ஏன் இல்ல? படுக்கையறை ஜன்னல் சும்மாதானே கெடக்கு! போய் அளவெடுங்க.”