மூலனூர்ப் பள்ளியில் இருப்பது கெண்டை அல்ல

மூலனூரில் ஒரு பள்ளியின் அறிவியல் அறையில், கடல்மீனுக்கு ஆற்றுமீன் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘கெண்டை. அமராவதி ஆற்றில் கிடைத்தது’ என்று அட்டை. பொய். கல்லாகிப்போன அந்த மீன் இத்தாலியிலிருந்து வந்தது. பழைய கடலடிப் பாறையில் வெட்டியது என்று சொல்லி, எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்கும் அந்த நாட்டு பையர் பரிசாகக் கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்தவன் நான். ஆபீசுக்கு வெள்ளையடித்தபோது முதலாளி அதைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். ஒரு போட்டோ மட்டும் என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நூலகத்தில் மீன்களைப் பற்றிப் படித்தேன். பள்ளிக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. 2008 ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை, நேரிலேயே போனேன்.

வீடு இருக்கும் நல்லூரிலிருந்து காலை 6.10க்குக் கிளம்பி, திருப்பூர் பேருந்து நிலையத்தில் 6.40க்குத் தாராபுரம் வண்டி பிடித்தேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், பதினேழு ரூபாய். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு மூலனூர் வண்டி ஏறினேன், எட்டு ரூபாய். முருங்கைக்காய்ச் சந்தைக்குப் போகும் காலிச் சாக்குகள் காலடியில் கிடந்தன. பையில் இரண்டு பொருள் வைத்திருந்தேன். ஒன்று, துணியில் கண்ணிகளை எண்ணும் லென்ஸ். இருபத்தாறு வருடம் செக்கிங்கில் அதைத்தான் பிடித்தேன். இன்னொன்று, ‘கொடுவா மீனின் மூதாதை’ என்று நானே அச்சடித்த புது அட்டை.

பள்ளி வாசலில் அட்டெண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, ஒரு மீனுக்கு மூணு கடுதாசி போட்டது நீங்கதானுங்களா?” கேட்டுவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்: “டீச்சர், மீன்காரரு வந்துட்டாருங்க!”

அறிவியல் டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும், தூத்துக்குடிப் பக்கம். “எச்.எம். இன்னைக்கு லீவு சார். பாக்கத்தானே வந்தீங்க, பாருங்க” என்று மரச்சட்டத்தைக் கழற்றிக் கல்லை மேசையில் வைத்தார்.

எண்ணினேன். முதுகில் முன்பகுதியில் ஒன்பது கெட்டி முட்கள். பின்பகுதியில் நுனி பிரிந்த மெல்லிய கதிர்கள். கெண்டை முதுகில் இந்த முள்வரிசை கிடையாது. வயிற்றுத் துடுப்பு மார்புத் துடுப்புக்கு நேர் கீழே, ஒரு முள், ஐந்து கதிர். கெண்டைக்கு அது வயிற்றின் நடுவில் இருக்கும். முதுகெலும்புக் கணுக்கள் இருபத்து நான்கு. கெண்டைக்கு முப்பதைத் தாண்டும். செதிலின் ஓரத்தில் சீப்புப் பல் போலப் பற்கள். கொடுவாவும் சேரும் பெர்ச் வகை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அட்டையை வெளியே எடுத்தேன்.

டீச்சர் வாங்கிப் படித்தார். “கொடுவாவா? கொடுவா வாலு உருண்டையால்லா இருக்கும். இதப் பாருங்க, பொளந்துல்லா இருக்கு.”

நான் வாலைப் பார்த்ததே இல்லை. கல் வந்ததே மரச்சட்டத்துக்குள்; என் போட்டோவிலும் சட்டம் வாலை மறைத்திருந்தது. மூன்று கடிதத்திலும் கொடுவா என்று அடித்துச் சொல்லியிருந்தேன். லென்ஸை வைத்து இரண்டு தடவை பார்த்தேன். பிளந்துதான் இருந்தது.

“நான் கொண்டாந்த அட்டையும் தப்புங்க.”

“அப்போ கெண்டையே இருந்துட்டுப் போகட்டுமா சார்?”

“அதெப்படீங்க இருக்கலாம்?”

கூடவே வந்து நின்ற அட்டெண்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பெர்ச் வரிசை என்பதே கட்டிங் மேசைக்குக் கீழே இருக்கும் துண்டுத்துணிக் கூடை மாதிரிதான். வேறு எதிலும் சேராத மீன்களையெல்லாம் அதில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குள் இது எந்தக் குடும்பம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அழிந்துபோன மீனுக்கு உயிரோடு இருக்கும் ஒன்றின் பெயரைச் சூட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது.

பார்க்கப் போகிறவர்கள் பள்ளி நாளில், பத்து மணிக்குப் பிறகு போங்கள். லென்ஸ் எடுத்துப் போங்கள். சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.

இனி நடக்க வேண்டியது: தலைமையாசிரியர் கெண்டை அட்டையை எடுக்க வேண்டும். முதலாளி, கல் இத்தாலியிலிருந்து வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். டீச்சர் வால் தெரியும்படி பெரிய சட்டம் போட வேண்டும். நான் நாலாவது கடிதம் எழுதி, முதல் மூன்றிலும் இருக்கும் கொடுவாவை வாபஸ் வாங்க வேண்டும். புது அட்டையில் ‘கடல்மீன், பெர்ச் வகை’ என்று இருக்கட்டும். குடும்பம் என்ற இடத்தைக் காலியாக விட வேண்டும். வால்வரை எண்ணிப் பார்க்காதவர் யாரும் அதை நிரப்பக் கூடாது, நானும்தான்.