நனைந்த படகும் ஏற்றுமதிக் கடனும்

ஆரையம்பதி வாவிக்கரையில் நானும் என் மனைவியின் தம்பியும் பைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறோம். மாலைதீவு வணிகர் ஒருவர் இரண்டு மீன்பிடிப் படகுகள் வேண்டுமென எழுதினார். கைப்பொருளைக் கொண்டு ஒன்றைக் கட்டி முடித்தோம். மற்றதற்குப் பிசின் வாங்கவும் வழியில்லை. அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதம் இருந்தால்தான் கடன் தருவோம் என்றது வங்கி. ஆகவே விண்ணப்பித்தேன். ‘பொருள் புதியது, பாவிக்கப்படாதது’ என்ற வரியின் கீழ் தயக்கமின்றிக் கையொப்பமும் இட்டேன்.

பார்வையிடக் கொழும்பிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். படகில் ஏறி, மீன் போடும் முன்பெட்டியைத் திறந்தவர், விரல் நுனியில் எதையோ ஒட்டியெடுத்து என்னிடம் காட்டினார். மீன் செதிள்.

“புதுப் படகுக்குள்ள இது எப்படி ஐயா வந்தது?”

அதற்கு முந்திய நாள் காலை மைத்துனர் படகை வாவியில் இறக்கி, ஒரு வலை வீசி, பட்ட மீனைக் கரையில் நின்றவர்களுக்குக் கொடுத்திருந்தார். எந்தப் படகையும் அவ்வாறு நனைத்த பின்னரே கைமாற்றுவது எங்கள் வழக்கம்.

“தண்ணியில இறங்காத தோணிய இஞ்ச சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் எடுக்கமாட்டான் மிஸ்,” என்றார் மைத்துனர்.

“நீங்க பாவிக்கல்ல எண்டெல்லோ எழுதியிருக்கிறீங்க? நான் கண்டதைத்தான் எழுதுவன்.”

அதிகாரி தன் வாகனத்தை நோக்கிச் சென்றபோது மைத்துனர் என் காதருகே குனிந்தார். “கழுவி ஒருக்கா பொலிஷ் போட்டா ஆருக்குத் தெரியும் அத்தான்?”

“கையெழுத்து என்ர. நீ சும்மா இரி.”

நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். வாங்குபவர் எழுத்தில் உடன்பட்டால் விண்ணப்பத்தைத் திருத்தலாம் என்றார் அதிகாரி. அன்றே மாலைதீவுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். நான்கு நாட்கள் பதிலில்லை. மைத்துனர் என்னுடன் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வந்த பதிலில் ஒரே கேள்விதான் இருந்தது: படகு ஒழுகியதா? இல்லையென எழுதினேன். அப்படியாயின் மற்றதையும் ஓட்டிப் பார்த்தே அனுப்புங்கள் என உடன்பாடு வந்தது. உத்தரவாதமும், அதைக் காட்டி வங்கிக் கடனும் கிடைத்தன.

இரண்டாம் படகைப் பார்வையிட வந்த அதிகாரி, ஏறுமுன் மைத்துனரைப் பார்த்தார்.

“இதையும் நனைச்சாச்சோ?”

“இல்ல மிஸ். நீங்களும் ஏறுங்க, போவம். பிறகு செதிளுக்குக் கணக்குக் கேக்க மாட்டீங்கதானே.”

அவர் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஏறினார்.