சம்மாட்டியின் இரண்டு ரத்தம்

இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள். ஒன்றில் வெள்ளை அணுக்கள் ஊதாப் புள்ளிகளாக நெருக்கியடித்துக் கிடந்தன. மற்றதில் தேடினால்தான் ஒன்றிரண்டு அகப்பட்டன. இரண்டின் ஓரத்திலும் மெழுகுப் பென்சிலால் நான் எழுதியிருந்தது ஒரே பெயர். ஐம்பதுகளின் கடைசியில், ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெயருக்கு உரியவர் திருப்பாலைக்குடிக் கடற்கரையில் மூன்று மீன்பிடி வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி, அதாவது வள்ளங்களின் முதலாளி.

அவருக்குக் கழுத்திலும் அக்குளிலும் வலியில்லாத கட்டிகள். தலைமுடி வெட்டியவர் தடவிப் பார்த்துச் சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம். பெரிய டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருப்பதாகச் சீட்டில் எழுதினார். நர்ஸம்மா அங்கேயே ரத்தம் எடுத்து என்னிடம் அனுப்பிவைத்தார். ஆளை நான் பார்க்கவில்லை. எண்ணத் தொடங்கினேன். எட்டாயிரம், பத்தாயிரம் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. எண்ணும் கண்ணாடியைக் கழுவித் துடைத்து மறுபடி எண்ணினேன், அதே கதை. ஸ்லைடிலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சின்ன உருண்டை நிணநீர் அணுக்கள். நடுநடுவே மிதிபட்ட நாவல் பழம் மாதிரி நசுங்கிப்போன சில.

டாக்டர் நம்பவில்லை. "ஏம்ப்பா, இது நெசம்னா ரத்தப் புற்றுநோய். வயசானவங்களுக்கு மெதுவா வர்ற வகை. வருஷக்கணக்கா நடமாட விடும், ஆனாலும் பேரு அதுதான். உன் கைத்தப்புக்கு ஒரு மனுஷன் தலையில அதைக் கட்ட முடியாது. திரும்ப எடு" என்றார்.

மறுவாரம் சீட்டோடு ஒருவர் வந்தார். பெயரைக் கூப்பிட்டேன், கண்ணை இறுக மூடி, அல்லாவை அழைத்துக்கொண்டு விரலை நீட்டினார். எண்ணிக்கை ஏழாயிரம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்னைப் பஞ்சு சுருட்ட அனுப்பிவிடுவதாகச் சொன்னார். கம்பவுண்டர் தினமும் காலையில் தன் கையை விரித்துக் காட்டி, எத்தனை விரல் என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார்.

பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருப்பாலைக்குடி போனேன். சம்மாட்டி யார் என்று கேட்டதற்கு, கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வெள்ளைத்தாடிப் பெரியவரைக் காட்டினார்கள். நான் குத்தியது இவரை அல்ல. நான் குத்திய ஆள், விரலில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். சம்மாட்டியின் மச்சினனாம்.

சம்மாட்டிக்குக் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. அந்தக் கரையில் ஒருவர் கடலுக்குப் போக முடியாவிட்டால் அவருக்குப் பதில் மச்சினன் வள்ளம் ஏறுவான். வருகிற பங்கு வீட்டில் இருப்பவருக்குத்தான். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

"அன்னைக்கு இங்கன ஏலம் தம்பி, விட்டுட்டு வர ஏலல. சும்மா இருந்துட்டேனா? ஆளுக்கு ஆள் அனுப்பிச்சேன்ல" என்றார். மூன்று நாளாக விரல் வலிக்கிறது என்று மச்சினன் தன் பங்குக்கு முறையிட்டார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். புயலில் வள்ளம் கரை சேர்த்த மனிதர், ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்லைடு காய்ந்து சாயம் ஏறும்வரை நான் வேண்டிக்கொண்டேயிருந்தேன். கடவுளே, நான் எண்ணியது சரியாக இருக்கட்டும் என்பதுதான் வேண்டுதல். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அதே கூட்டம், எள் போட இடமில்லை. சந்தோஷம் தாங்காமல் நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பெஞ்சில் இருந்த சம்மாட்டி என் முகத்தைப் பார்த்தார். மச்சினன் தோளில் தட்டினார்.

"பாத்தியாலே, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். டாக்டர்தான் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும் என்றார். அதன்பின் ஒன்பது வருஷம் தவறாமல் அவரே வந்தார். ஸ்லைடு பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிரவே மனசு வராது.