கறுத்த தூண்

எண்பதுகளின் நடுப்பகுதியில், சுவிஸின் ஆர்காவ் மாநிலத்துக் கிராமமொன்றில் இருந்த பழைய வைக்கோல் கூரை வீட்டைத் துப்புரவாக்க என்னையும் இன்னொரு யாழ்ப்பாணத்து அண்ணையையும் எடுத்தார்கள். கிராமசபை அந்த வீட்டை அருங்காட்சியகமாகத் திறக்க இருந்தது. ஒரு கிழமை வேலை. முடிவில் வேலைச் சான்றிதழ் தருவார்கள். அது கையில் இருந்தால் நிரந்தர வேலை கேட்கலாம். இல்லாவிட்டால் அகதி முகாமில் மறுபடியும் உருளைக்கிழங்கு உரிக்கவேண்டியதுதான்.

அந்த வீட்டில் சுவர்கள் கூரையைத் தாங்கவில்லை. நிலத்திலிருந்து முகடு வரை ஒரே மரமாக நாலு தூண்கள் நின்றன. முழுக் கூரையின் பாரமும் அவற்றில்தான். பலகைச் சுவர்களைக் கழற்றினாலும் கூரை விழாது. வைக்கோல் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை கூரைக்குள் ஏறி, வைக்கோலுக்குள்ளால் தானாக வெளியேறியிருக்கிறது. அதனால் அடுப்படியில் நின்ற தூண் தார் பூசியதுபோல் கறுப்பு.

அண்ணை அதற்கு முன் ஓர் உணவகத்தில் சட்டி கழுவியவர். அங்கே அடுப்புக்கு மேலிருக்கும் புகைக்கூண்டு பளபளக்காமல் எவரும் வீட்டுக்குப் போகமுடியாது. தூணைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“இவ்வளவு காலமா இதை ஒருத்தரும் துடைக்கேல்லையோ?”

“எங்களைத் தரையைத்தான் கூட்டச் சொன்னவை, அண்ணை.”

“சொன்னதை மட்டும் செய்தா ஆர் கடதாசி தருவான்? ஏணியைப் பிடி.”

சலவைச் சோடா, கம்பி பிறஷ், சுடுதண்ணீர். இரண்டு நாளில், ஏணி எட்டிய உயரம் வரை தூண் வெண்ணெய் நிறமாகிவிட்டது. நானும்தான் தேய்த்தேன்.

மூன்றாம் நாள் பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். தூணைக் கண்டதும், செத்தவீட்டுக்கு வந்தவர்போலத் தொப்பியைக் கழற்றினார். முந்நூறு வருடப் புகை அது என்றார். மரத்தைப் பூச்சி அரிக்காமல் காத்ததும் அதுதானாம். சான்றிதழ்? தூண் கறுத்த பிறகு பார்க்கலாம்.

மூன்று கிழமை அடுப்பில் ஈரவிறகு எரித்தோம். தலைக்கு மேலே வைக்கோல் என்பதால், தீயணைப்புக்காரர் ஒருவர் தண்ணீர்க் குழாயை மடியில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூவரும் இருமினோம்.

“சுவிஸுக்கு வந்து அடுப்பு ஊதுறன் எண்டு மனிசிக்கு எப்பிடி எழுதிறது?”

“சமையல் பகுதியில வேலை எண்டு எழுதுங்கோ.”

கடைசி நாள் அதிகாரி தூணை விரலால் தடவிப் பார்த்தார். விரல் கறுத்தது. முதல்முறையாகச் சிரித்தார். அங்கேயே இரண்டு சான்றிதழ்களிலும் கையெழுத்திட்டார். அண்ணையின் கடதாசி மூலையில் அந்த விரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது.

பஸ் தரிப்பிடத்தில் அண்ணை கைக்குட்டையை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்தார். நான் கடதாசியைப் பறித்துக்கொண்டேன்.