மஞ்சள் தடவிய மணியார்டர்

ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் அப்பா வீட்டு சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மணியார்டர் இருக்கிறது. அமெரிக்கத் தபால் ஆபீஸில் வாங்கியது. நானூறு டாலர். நாலு மூலையிலும் மஞ்சள். அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் கையில் எடுப்பேன், கோபம் வரும், திரும்ப வைப்பேன்.

அனுப்பியவன் என் அண்ணன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எண்ணெய் கம்பெனி அப்பாவை வீட்டுக்கு அனுப்பியது. அவர் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் கல்லாவில் நின்றார். அண்ணனுக்கு இன்ஜினியரிங் சீட் இருந்தது, கட்டப் பணம் இல்லை. மிலிட்டரியில் சேர்ந்தால் பிறகு படிக்கப் பணம் தருவார்கள் என்று பள்ளிக்கு வந்த ஓர் ஆள் சொன்னான். அண்ணன் சேர்ந்துவிட்டான். அப்பாவோ தமிழ் ஆட்களிடம் "பையன் வெளி ஸ்டேட்ல படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கல் விழாவில் ஓர் ஆன்ட்டி "எந்த காலேஜ்?" என்று கேட்டபோது தட்டைத் தூக்கிக்கொண்டு சாம்பார் வாங்கப் போய்விட்டார். எனக்கு வயது பதினாறு. அந்தப் பொய் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் நானும் அதையே சொன்னேன்.

மிலிட்டரிப் பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே கேட்பார்கள். முதல் வருடம் சம்பளத்தில் மாதம் நூறு டாலர் பிடித்தால்தான் பிறகு படிப்புப் பணம். வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான், பிறகு மாற்ற முடியாது. அந்தப் படிப்புக்காகவே போன என் அண்ணன் 'வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டான். முதல் சம்பளத்தை வீட்டில் கொடுக்காத பிள்ளை எங்கள் குடும்பத்தில் கிடையாது. வீட்டில் வாடகைக்கே திண்டாட்டம், இதில் நூறு டாலரை விடுவதா என்று நினைத்திருக்கிறான். படிப்புக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு, பதினெட்டு வயதில். யாரிடமும் சொல்லவில்லை.

மாதம் நானூறு டாலருக்கு ஒரு மணியார்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"பணம் வந்துச்சுங்களாப்பா?"

"வந்துச்சு சாமி."

"செலவுக்கு ஆகுதுங்களா?"

"ஆகுது, ஆகுது."

ஒரு வருடம் கழித்து அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்ததும் இனி அனுப்பாதே என்றார். மூன்று வருடம் முடிந்து அண்ணன் திரும்பி வந்தான். சாப்பிடும்போது அப்பா கேட்டார், "காலேஜுக்கு மிலிட்டரி பணம் எப்படா வரும்?" அப்போதுதான் சொன்னான். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். சாமி அலமாரியின் டிராயரைத் திறந்தார். பன்னிரண்டு மணியார்டரும் மாற்றாமல் அப்படியே இருந்தன.

"பிள்ளை காசுல சாப்பிடற நிலைமைக்கு நான் வரலை. உன் கல்யாணத்துக்குத் தரலாம்னு வெச்சேன்."

மறுநாள் நான்தான் கார் ஓட்டினேன். முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் ஹூஸ்டனில் இருந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் மூன்று மணியார்டரை நகர்த்தினார். ஒரு வருடப் பிடித்தம் ஆயிரத்து இருநூறு, இப்போது கட்டிவிடுகிறேன் என்றார். முடியாது சார், உங்கள் மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றாள். அப்பா இன்னும் மூன்றை வைத்தார். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி கடைசியில் பன்னிரண்டையும் வைத்தார். அவள் எல்லாவற்றையும் அடுக்கி அவர் பக்கமே தள்ளினாள். "வாங்கப்பா, போலாம்" என்றான் அண்ணன்.

திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரையும் திட்டினேன். "ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பின் சீட்டில் அண்ணன் சிரித்தான். "நீ மட்டும் என்ன? நான் காலேஜ்ல இருக்கேன்னு ஊரெல்லாம் சொன்னவதானே?"

நான் ரேடியோவைப் போட்டேன்.

பதினோரு மணியார்டரை மாற்றி, கட்டணம் குறைவான கம்யூனிட்டி காலேஜில் அண்ணன் சேர்ந்தான். பகலில் ஏசி ரிப்பேர், மாலையில் வகுப்பு. நான் நாலு வருடத்தில் முடித்த படிப்பை முடிக்க அவனுக்கு ஒன்பது வருடம் ஆனது. மிச்சம் ஒன்றை மட்டும் அப்பா தரவில்லை. அது முதல் சம்பளமாம்.

போன வாரம் தபால் ஆபீஸில் கேட்டேன். அந்த மணியார்டருக்குக் காலாவதியே கிடையாதாம், இன்றைக்குக் கொண்டுபோனாலும் நானூறு டாலர் தருவார்களாம். வீட்டுக்கு வந்து அதை வெளியே எடுத்தேன். அப்பா நாற்காலியில் இருந்தபடி பார்த்தார்.

"மஞ்சள் போகாம துடைம்மா" என்றார்.

துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.